தூசி என்று அழுத்தியவள்

நவரத்தினம் உஷாந்திக்கு எதைக் கண்டாலும் அருக்குளிக்கும், அருவருப்பில் உடம்பு கூசும். வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டுகிறவன் அதே கத்தியால் தேசிக்காயையும் பிளந்தால் அருக்குளிக்கும். கலியாண வீட்டில் பக்கத்தில் இருப்பவர் விரலைச் சூப்பினால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இல்லை. கால்வாய்ப் பக்கமிருந்து காற்று அடிக்கிற நாட்களில் யன்னல்களை எல்லாம் பூட்டிவிட்டு, வேர்த்து வழிந்தபடி, கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருப்பாள். ஆர் வீட்டுக்குப் போனாலும் பச்சைத் தண்ணி குடிக்கமாட்டாள். இப்படியொரு மனுஷி ஐம்பது வயதுவரைக்கும் கொழும்பில் சீவித்ததே பெரிய அதிசயம் என்று சொந்தக்காரர் அவளுடைய முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள்.

மீனும் எச்சிலும் சின்ன விஷயம். உண்மையில் அவளுக்கு வயிற்றைப் புரட்டுவது கள்ளவேலை. இருபத்தாறு வயதில் பேசிவந்த ஒரு மாப்பிள்ளை, எழுதாத சோதனையொன்றைப் பாஸ் பண்ணியதாகச் சொல்லியிருந்தான். அது வெளியே வந்ததும் மற்றவர்கள் கோபப்பட்டார்கள். இவள் குளியலறைக்குப் போய் ஓங்காளித்தாள். அதற்குப் பிறகு வந்த சம்பந்தங்களிலும் ஏதோ ஒரு ஊத்தை அவளுடைய கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் கலியாணப் பேச்சே நின்றுபோனது. அதைப் பற்றி அவள் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அவளுக்கென்று ஒரு கதை இருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருடம் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் குனிந்து, கண்ணாடித் துண்டுகளில் நோய் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தவள் அவள். ஒரு நீண்ட விடுமுறைக்கு முதல் நாள், பார்க்காத கண்ணாடிகள் ஒரு தட்டு நிறைய இருக்க, எல்லாவற்றிலும் கையெழுத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னார் அங்கிருந்த பெரியவர். உஷாந்தி பேனையை மூடி மேசையில் வைத்தாள். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தாள். படியிறங்கினாள். திரும்பிப் போகவில்லை. பத்தொன்பது வருடச் சேவையும் அந்தப் படியோடு போனது.

இந்தக் கதையை அவள் எத்தனை வீடுகளில் சொன்னாளோ தெரியாது. அவளுடைய மச்சாள் கௌரி ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் அதைக் கேட்டு வாங்குவாள். உஷாந்தியும் தண்ணி குடிக்காத அந்த வாயால் கதையை முழுதாகச் சொல்லி, "நான் பாக்காததுக்கு நான் கையெழுத்து வைக்கேல்லை" என்று முடிப்பாள். பிள்ளைகுட்டி, வீடு, காணி என்று மற்றவர்களுக்கு ஏதேதோ இருந்தன. இவளுக்கு அந்த ஒரு வசனம் இருந்தது.

வேலையை விட்ட பிறகு அவள் சேர்ந்தது கார்த்திகனின் கந்தோரில். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையொன்றில், சேலைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி. லிப்ட் வேலை செய்கிற நாளைவிடச் செய்யாத நாள்தான் அதிகம். வெளிநாட்டுக்காரர் படங்களை அனுப்புவார்கள். இங்கே பதினொரு பேர் கணினிக்கு முன்னால் குந்தியிருந்து, படத்தில் இருப்பது என்னவென்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். இது பச்சை விளக்கு, இது தக்காளி இலை, இது நோய் பிடித்த தக்காளி இலை. கார்த்திகனுக்கு முப்பத்தைந்து வயது. நல்ல பிள்ளை, நன்றாகக் கதைப்பான், எப்போதும் வாசனை பூசியிருப்பான். உஷாந்தி தன் கோப்பையையும் கதிரையில் விரிக்கத் தன் துவாயையும் வீட்டிலிருந்து கொண்டுபோனாள்.

ஒரு தை மாதம் அந்தக் கந்தோருக்கு வானம் வந்து சேர்ந்தது. ஏதோ ஒரு குளிர்தேசத்துப் பல்கலைக்கழகத்தின் வானியலாளர்கள், பல பத்து வருடங்களுக்கு முன் கண்ணாடித் தட்டுகளில் பிடித்த வானப் படங்களை இப்போது கணினியில் ஏற்றியிருந்தார்கள். அவற்றில் நாற்பதாயிரம் மங்கல் புள்ளிகள். அவற்றில் எவை தூரத்து விண்மீன் மண்டலங்கள், எவை கண்ணாடியில் ஒட்டிய அழுக்கு என்று பிரித்துப் பட்டியல் போட வேண்டும். திரையில் நான்கு பொத்தான்கள்: நீள்வட்டம், சுருள், வில்லை, தூசி.

குழுவின் தலைவி நரைத்த தலைமயிர் கொண்ட பெண்மணி. இரண்டு நாள் வீடியோவில் வந்து பொறுமையாக விளங்கப்படுத்தினார். நீள்வட்டம் ஓர் உருண்டை. சுருளுக்குக் கைகள் உண்டு. வில்லைதான் கரைச்சல் பிடித்தது. நடுவில் ஒரு தடித்த வெளிச்சம், அதைச் சுற்றித் தட்டையாக ஒரு தட்டு, ஆனால் கைகள் இல்லை. புதிய நட்சத்திரம் பிறப்பதற்கான வாயு தீர்ந்து, பழையவை மட்டும் அமைதியாக எரிந்துகொண்டிருக்கும் மண்டலம். மங்கலாக இருந்தால் அது உருண்டையா, தட்டா, வெறும் அழுக்கா என்று சொல்வது பெரிய அனுபவசாலிகளுக்கும் கஷ்டம் என்றார். அதனால்தான் ஒரு படத்தை மூன்று பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒருவரை ஒருவர் கேட்கவே கூடாது. மூவரும் வேறுவேறாகச் சொன்னால் அதுவும் தங்களுக்கு ஒரு தகவல்தான் என்று மூன்று தரம் சொன்னார்.

உஷாந்திக்கு இந்த வேலை பிடித்துப்போனது. பிடித்தது என்று சொன்னால் போதாது. வாழ்க்கையில் முதல் தடவையாக அருக்குளிப்பில்லாத ஒரு பொருளை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூரத்தில் மனிதர் இல்லை, எச்சில் இல்லை, பொய் இல்லை. இருக்கிறது என்றால் இருக்கிறது. நுணுக்குக்காட்டியில் பழகிய கண்ணுக்கு மங்கலைக் கண்டு பயமில்லை. ஒரு படத்துக்கு முன்னால் அரை நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தால், இல்லாதது போலிருந்த தட்டு மெல்ல மெல்ல வந்து நிற்கும். அந்த இரண்டு மாதமும் அவள் கால்வாய் நாற்றத்தைப் பற்றி ஒருவரிடமும் முறைப்பாடு சொல்லவில்லை.

அவளோடு சேர்த்து அந்த வேலைக்கு விடப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் நாகேந்திரம், மருதானையில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். பத்து மணிக்கு மேல் கண் திறந்தபடியே நித்திரை கொள்ளத் தெரிந்தவர். மற்றவள் ஷிம்னா, தெமட்டகொடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதனால் காலை ஏழு மணிக்கே வந்து குந்திவிடுவாள்.

மூன்று பேரும் ஒத்துப்போனால் படம் போய்விடும். ஒத்துப்போகாவிட்டால் திரும்பி வரும், இன்னொரு தரம் பார்க்க வேண்டும். கார்த்திகனுக்குத் திரும்பி வருவது பிடிக்காது. சுவரில் இருந்த பெரிய டிவியில் ஒவ்வொரு கிழமையும் ஒத்துப்போன வீதத்தைப் போடுவான். கீழே, மாறிச் சொன்னவர்களின் பெயர் சிவப்பில் வரும். எல்லாக் கிழமையும் சிவப்பில் நின்ற பெயர் உஷாந்தி.

அப்போதுதான் வாட்ஸ்அப்பில் அந்தக் குழு பிறந்தது. அதற்கு வைத்த பெயர் 'ஒற்றுமை'. கேட்டாலே ஓங்காளம் வருகிற பெயர். காலை ஏழு மணிக்கு வருகிற ஷிம்னா ஐம்பது படங்களை ஓடவிட்டுப் பார்த்து, விடைகளை வரிசையாக அதில் போட்டுவிட்டு, பிறகு அந்தப் பட்டியலைப் பார்த்தே தானும் தட்டுவாள். நாகேந்திரம் அதைப் பார்த்துத் தட்டுவார். மங்கலாக எது வந்தாலும் தூசி, யோசிக்கத் தேவையில்லை. உஷாந்தியையும் குழுவில் சேர்த்தார்கள். அவள் உடனேயே வெளியே வந்தாள். கார்த்திகனின் அறைக்குப் போய், இது கள்ளவேலை என்று சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டு, ஊரெல்லாம் இப்படித்தான் அக்கா, வீதம் தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் இந்த வேலை வேறு நாட்டுக்குப் போய்விடும் என்றான். அன்றைக்கு அவள் தன் கோப்பையை இரண்டு தரம் கழுவினாள்.

அவளை விழுத்தியது கார்த்திகன் அல்ல, ஷிம்னா. திரும்பி வருகிற படங்கள் ஒன்றரை மணிக்குத்தான் வரும். அவற்றை முடிக்காமல் எழும்ப முடியாது. மூன்று நாள் தொடர்ந்து ஷிம்னாவின் மகள் பள்ளிக்கூட வாசலில், காவலாளிக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருக்கிறாள். நான்காம் நாள் ஷிம்னா அழுதுகொண்டு வந்து உஷாந்தியின் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரு கிழமைக்கு மட்டும் சேர்ந்து தட்டுங்கள், அதற்குள் பிள்ளைக்கு வான் ஒன்று ஒழுங்கு செய்துவிடுவேன் என்று கேட்டாள்.

ஒரு கிழமைதானே என்று உஷாந்தி குழுவில் திரும்பச் சேர்ந்தாள்.

சொல்லவே கூசுகிற விஷயம், அது அவளுக்குச் சுகமாக இருந்தது. கண் வலிக்கவில்லை. டிவியில் பெயர் சிவப்பாகவில்லை. நாகேந்திரம் தன் வடையில் பாதியை நீட்டினார். அவளும் வாங்கிச் சாப்பிட்டாள். ஒரு கிழமை போய் மூன்று கிழமையானது. வான் ஒழுங்கானதா இல்லையா என்று அவள் கேட்கவும் இல்லை.

இரண்டாம் கிழமையில்தான் 20714 வந்தது. அவள் பட்டியலைப் பார்த்துத் தட்டிக்கொண்டு போனவள், அந்தப் படத்தில் ஏனோ நின்றாள். மேசையில் சிந்திய பாலை ஈரத் துணியால் துடைத்த பிறகு மிச்சமிருக்கிற தடம் மாதிரி ஒன்று. பட்டியலில் தூசி என்று இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நடுவில் ஊசிமுனை அளவு தடித்த வெளிச்சம் வந்தது. பிறகு இரண்டு பக்கமும் தட்டு வந்தது. கைகள் இல்லை. ஓரம் மிக மெல்லிதாக, ஆனால் நேராக இருந்தது. தூசிக்கு அப்படி ஓரம் இராது. அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. அது வில்லை. மணி ஒன்றேகால். எதிரே ஷிம்னா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உஷாந்தி தூசி என்பதை அழுத்தினாள். பிறகு தன் டயரியில் அந்த இலக்கத்தை எழுதி வைத்தாள். ஏன் எழுதினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

கள்ளவேலை பிடிபட்ட விதம் அந்தக் கந்தோருக்கு மட்டுமே உரியது. ஒரு திங்கட்கிழமை ஷிம்னா அவசரத்தில் போட்ட பட்டியலில் ஒரு விடை விடுபட்டுப்போனது. அதற்குப் பிறகு வந்த விடைகள் எல்லாம் ஒவ்வொரு படம் முன்னுக்குத் தள்ளிப்போய்விட்டன. மறுநாள் பட்டியலை அவள் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாள். தள்ளினது தள்ளினபடியே போனது. ஐந்து நாள், அறுநூற்றுச் சொச்சம் படம், மூன்று பேர். திரையை நிமிர்ந்து பார்த்த ஒருவர் கூட இல்லை. அந்தக் கிழமை ஒத்துப்போன வீதம் நூறு. கார்த்திகன் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தான். அந்தக் கேக்கையும் உஷாந்தி சாப்பிட்டாள்.

பத்து நாள் கழித்து வானியல் குழுவின் தலைவியான அந்தப் பெண்மணியிடமிருந்து கடிதம் வந்தது. குழந்தைக்கும் தெரியக்கூடிய ஒரு பெரிய சுருளை மூன்று பேரும் தூசி என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் வந்த கண்ணாடிக் கீறலை மூன்று பேரும் சுருள் என்று சொல்லியிருக்கிறார்கள். இது எப்படி நடந்தது என்று தான் விளங்கிக்கொள்ள விரும்புவதாக எழுதியிருந்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

கார்த்திகன் பதில் கடிதத்தைத் தானே எழுதினான். மூவரும் தனித்தனியாகத்தான் பார்த்தார்கள், அனுப்புகிற மென்பொருள் வரிசையைக் குழப்பிவிட்டது என்று அதில் இருந்தது. கீழே மூத்த பரிசோதகர் என்று போட்டு, உஷாந்தியின் பெயரைத் தட்டச்சுப் பண்ணி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தான். பரிசோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருடம் இருந்தவளின் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு உண்டல்லவா. கண்ணாடி அறைக்குள் மூவரையும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான்.

"ஒரு கையெழுத்துத்தானே, உஷாந்தி அக்கா. இது போனால் பதினொரு பேற்ற வேலையும் போகும்."

"தனித்தனியாப் பாத்தது எண்டு எழுதியிருக்கிறீர். நான் பாக்கேல்லைத் தம்பி. ஒருத்தரும் பாக்கேல்லை."

"அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவவுக்கு ஏன் தெரியோணும்?"

உஷாந்தி எழும்பினாள். அவளுக்குள்ளே அந்தப் பழைய கதை தயாராக நின்றது. பேனையை மூடுவது, பெட்டியை எடுப்பது, படியிறங்குவது. நாகேந்திரத்தின் வாயோரத்தில் ஒட்டியிருந்த வடைத் தூள், கார்த்திகனின் வாசனை, கண்ணாடிக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிற முகங்கள் என்று எல்லாமே அவளுக்கு அரியண்டமாக இருந்தது. இந்த ஊத்தைக்குள்ளே நான் எப்படி வந்து விழுந்தேன் என்று ஒரு பெரிய மூச்சு விட்டாள். அப்போது ஷிம்னா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"நீங்களும் எங்களோட சேந்து அமத்தினதானே, அக்கா."

அவ்வளவுதான். குரலை உயர்த்திச் சொல்லவில்லை. குற்றம் சாட்டுவது போலவும் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னாள். உஷாந்தி திரும்பக் கதிரையில் இருந்தாள். மற்ற இரண்டு பேரும் பார்க்காமல் தட்டியவர்கள். பார்த்து, கண்டு, நிச்சயமாகத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு தூசி என்று அழுத்தியவள் அந்த அறையில் ஒருத்திதான். பரிசோதனைக்கூடத்துப் பெரியவர் கூட அப்படிச் செய்யவில்லை. அவர் பார்க்காததைத்தான் பார்த்ததாகச் சொல்லச் சொன்னார். ஐம்பது வருடமாக ஊரில் உள்ள ஊத்தையை எல்லாம் மோப்பம் பிடித்த மூக்கு, சொந்த விரலில் இருந்த நாற்றத்தை மட்டும் பிடிக்கவில்லை. குளியலறைக்கு ஓட அவகாசம் இல்லை. கார்த்திகனின் குப்பைக்கூடைக்குள்ளேயே சத்தி எடுத்தாள். ஷிம்னாதான் தண்ணிப் போத்தலை நீட்டினாள். அவள் வாய் வைத்துக் குடித்த போத்தல். உஷாந்தி வாங்கிக் குடித்தாள்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் அவள் தானே ஒரு கடிதம் எழுதி அந்தப் பெண்மணிக்கு அனுப்பினாள். ஆங்கிலம் அவளுக்குத் தடங்கல்தான். மூன்று தரம் அடித்து அடித்து எழுதினாள். குழுவைப் பற்றி எழுதினாள். ஷிம்னாவின் பெயரையோ நாகேந்திரத்தின் பெயரையோ எழுதவில்லை. மூவரில் அனுபவம் கூடியவள் நான், எனக்குத் தெரிந்தே நடந்தது, 20714ஐ நான் பார்த்தேன், அது வில்லை, நான் தூசி என்று அழுத்தினேன் என்று எழுதினாள். கடைசி வசனத்தை எழுத மட்டும் ஒரு மணித்தியாலம் பிடித்தது.

வேலை போனது. வானம் வேறொரு நாட்டுக் கந்தோருக்குப் போய்விட்டது. பதினொரு பேரில் மூன்று பேரை மட்டுமே கார்த்திகன் வேலையிலிருந்து நிற்பாட்டினான். எந்த மூன்று பேர் என்று சொல்லத் தேவையில்லை. மிச்சப் பேர் இப்போது வாகனத் தரிப்பிடப் படங்கள் பார்க்கிறார்கள். 'ஒற்றுமை' குழு இன்றைக்கும் இருக்கிறதாம். ஷிம்னா பம்பலப்பிட்டியில் ஒரு போன் கடையில் நிற்கிறாள். உஷாந்தி ஒரு நாள் அங்கே போனபோது, ஷிம்னா வாடிக்கையாளரைப் பார்ப்பது போல் பார்த்து, என்ன வேணும் என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்கப் போனவள் போனுக்கு ஓர் உறையை வாங்கிக்கொண்டு வந்தாள். உண்மை சொன்னால் மனம் சுத்தமாகும் என்று ஆரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை.

எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெண்மணி மறுபடி எழுதினார். 20714ஐ இன்னொரு தொலைநோக்கியால் பார்த்தார்களாம். மங்கலான வில்லைதான். நூறு வருடத்துக்கும் முன்னால் ஆரோ ஒருவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்து, மிக மங்கல், சிறியது, நடுவில் சற்று வெளிச்சம் என்று ஒரு வரி குறித்து வைத்திருக்கிறார். ஆனால் இடத்தைக் கொஞ்சம் பிழையாக எழுதியதால், பிறகு தேடியவர்கள் அங்கே ஒன்றும் இல்லை என்று பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார்களாம். இப்போது திரும்பச் சேர்க்கிறார்கள். அந்த இலக்கத்தை எழுதி அனுப்பியிருக்காவிட்டால் அது இன்னொரு தரம் தொலைந்துபோயிருக்கும் என்று நன்றி சொல்லியிருந்தார். ஒரு விஷயம் கேட்டுமிருந்தார். பட்டியலில் ஒவ்வொரு மண்டலத்துக்கும் கீழே, முதலில் பார்த்த மூவரும் என்ன சொன்னார்கள் என்பது அவரவர் முதலெழுத்தோடு வரும். சங்கடமாக இருந்தால் உங்களுடையதை மட்டும் எடுத்துவிடலாமா?

வேண்டாம், கிடக்கட்டும் என்று உஷாந்தி எழுதினாள்.

கௌரியின் பேரனுக்குப் பிறந்தநாள் வந்தது. பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபம், முப்பது நாற்பது சொந்தக்காரர், ரோல்ஸ், கேக், சத்தம். சாப்பாடு முடிந்ததும் கௌரி வழக்கம்போலக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, புதிதாகக் கனடாவிலிருந்து வந்திருந்த ஒருவருக்கு உஷாந்தியைக் காட்டி, இவவிட்ட ஒரு கதை இருக்குது, கையெழுத்து வைக்காத கதை, கேக்கோணும் என்றாள். எல்லாரும் திரும்பினார்கள்.

உஷாந்தி கதையைச் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து, மேசையில் வைத்தாள். கறுப்பாக ஒரு சதுரப் படம். பக்கத்தில் இலக்கங்கள். வகை: வில்லை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், முதற்பார்வை என்று போட்டு, மூன்று வரி. மூன்றிலும் தூசி.

"அந்த மூண்டாவது நான்தான்" என்றாள். பிறகு நடந்தது முழுவதையும் சொன்னாள். வடையையும் கேக்கையும் கூட விடவில்லை. சொல்லும்போது அவளுடைய முகம் மீன் கத்தியைக் கண்ட நேரம் போலச் சுருங்கிப்போயிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. கனடாக்காரர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கௌரி போனைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை முகத்துக்குக் கிட்டவும் தூரவுமாகப் பிடித்துப் பார்த்தாள்.

"இதில ஒண்டுமே தெரியேல்லையே, உஷாந்தி. இதுக்குப் போயோ?"

"வடிவாப் பாருங்கோ மச்சாள்" என்றாள் உஷாந்தி. "இருக்குது."